இந்தோனேசிய இளைஞர்கள் ஏற்றிய கொடி

இந்தோனேசியா தனது 80 ஆவது சுதந்திர தினத்தை 2025 ஆகஸ்ட் 17 ஆம் திகதி கொண்டாடியது. அதற்கு முந்திய வாரங்களில் வீடுகளிலும் லொறிகளிலும் தேசியக் கொடியுடன் மற்றுமொரு கொடியும் பறந்தது. வைக்கோல் தொப்பி அணிந்த மண்டையோட்டைக் கொண்ட அக்கொடி, 'வன் பீஸ்' என்னும் ஜப்பானிய சித்திரக்கதையில் அநீதியான உலக அரசாங்கத்தை எதிர்க்கும் கடற்கொள்ளையர்களுக்குரியதாகும். இது நாட்டைப் பிளவுபடுத்தும் முயற்சியென்று பாராளுமன்றப் பிரதி சபாநாயகர் ஒருவர் சாடினார். சட்ட நடவடிக்கை எடுக்கப்படுமென்று சிரேஷ்ட அமைச்சர் ஒருவர் எச்சரித்தார். ஒரு சித்திரக்கதைக் கொடியைக் கண்டு அரசு ஏன் கலங்க வேண்டும்?

உலகில் முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் முதன்மையான இந்தோனேசியாவில், 2024 தேர்தலின்போது வாக்காளர்களில் அரைவாசிக்கும் அதிகமானோர் 40 வயதுக்கு உட்பட்டவர்களாவர். அவர்களைக் கவர்வதற்காக அன்று 72 வயதாயிருந்த முன்னாள் இராணுவத் தளபதி பிரபோவோ சுபியாந்தோ, டிக்டொக் காணொளிகளில் நடனமாடும் செல்லத் தாத்தாவாகக் காட்சியளித்தார். சுஹார்ட்டோவின் முன்னாள் மருமகனான இவர் 1998 இல் இராணுவத்திலிருந்து நீக்கப்பட்டவர் என்பதை அன்று பிறந்திராத தலைமுறை பொருட்படுத்தவில்லை. அவர் முதற்சுற்றிலேயே வெற்றியீட்டினார்.

ஆனால், நடனம் தொழில் தராது. 2025 ஆரம்பத்தில் இளைஞர் வேலையின்மை, நாட்டின் பொது வேலையின்மை வீதத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 'முதலில் தப்பியோடுவோம்' என்று பொருள்படும் சுலோகம் சமூக ஊடகங்களில் பரவியதும் அவ்வேளையிலேயே. இந்நிலையில், பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு மாதாந்தம் 5 கோடி ரூபியா வீட்டு வாடகைப்படி வழங்கப்படுவது தெரியவந்தது. இது ஜகார்த்தாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைப் போல் ஒன்பது மடங்குக்கும் அதிகமாகும். ஆகஸ்ட் 25 இல் ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன. 28 ஆம் திகதி பொலிஸ் கவச வாகனம் மோதி, வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிழைத்த 21 வயது இளைஞர் உயிரிழந்தார். அவரது தொழிற்சீருடையின் பச்சையும், பொலிஸாரை எதிர்த்து நின்ற பெண்ணொருவரின் ஹிஜாபின் இளஞ்சிவப்பும் இலட்சக்கணக்கானோரின் சமூக ஊடகப் படங்களுக்கு நிறமாயின.

அரசியல்வாதிகளின் வீடுகள் சூறையாடப்பட்டமையையும் கட்டடங்கள் எரிக்கப்பட்டமையையும் எவரும் நியாயப்படுத்த முடியாது. எனினும், '17+8' எனத் திரட்டப்பட்ட கோரிக்கைகள் தெளிவானவை, காலக்கெடுவுடன் கூடியவை. வாடகைப்படியும் வாபஸ் பெறப்பட்டது. அதே கொடி செப்டெம்பரில் நேபாள வீதிகளிலும் பறந்ததை எமது பிராந்தியம் கண்டது.

இளைஞர்களின் ரசனையை விளையாட்டென்று ஒதுக்குவோர் அதில் ஒலிக்கும் அரசியலைக் கேட்கத் தவறுகின்றனர். அதேவேளை, 2024 இல் ஒரு நடனம் தம்மை எவ்வாறு மயக்கியது என்பதை இளைஞர்களும் மறந்துவிடலாகாது. ஒரு பாணி இன்னொரு பாணிக்கு வழிவிட்டு மறைந்துவிடும். கோரிக்கை அவ்வாறு மறைந்துவிடாமற் காப்பதே அவர்கள்முன் உள்ள உண்மையான சவால் என்பது எமது கருத்தாகும்.