தொடக் கூடாத தண்ணீரா அது?

நகரங்களில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும். பின்னால் ஃப்ளஷ் டேங்க் இருக்கும். டேங்க்குக்குக் கீழே ஆங்கிள் காக் இறுக்கி மூடப்பட்டிருக்கும், பக்கத்தில் ஒரு வாளி நிற்கும். கேட்டால், "அது ஓடிக்கிட்டே இருக்கும் சார், வாளியில ஊத்திக்குங்க" என்று பதில் வரும். அந்த டேங்க்கின் மூடியை யாராவது ஒருமுறையேனும் திறந்து பார்த்தார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. கக்கூஸில் இருக்கிற எதிலும் வீட்டு மனிதர் கை வைக்கக் கூடாது, அதற்கென்று ஓர் ஆள் வர வேண்டும் என்ற நம்பிக்கை அந்த மூடியை ஆணி அடித்து வைத்திருக்கிறது. இந்த நம்பிக்கை பொய். பொய் மட்டுமல்ல, கேடும்கூட.

டேங்க்கில் இருப்பது நல்ல தண்ணீர். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கிளை வாஷ் பேசினுக்குப் போகிறது, இன்னொரு கிளை ஃப்ளஷ் டேங்க்குக்குப் போகிறது. நாம் முகம் கழுவும் அதே தண்ணீர்தான். டேங்க்கிலிருந்து பீங்கானுக்குத் தண்ணீர் இறங்கும்; பீங்கானில் உள்ளது டேங்க்குக்கு ஏறாது. பலருடைய விரல் படும் வெளிப்பக்கத்துப் பட்டன்தான் உள்ளே இருக்கும் தண்ணீரைவிட அழுக்கானது. பட்டனைத் தினமும் கூசாமல் அழுத்துகிறோம். உள்ளே கைவிடச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறோம்.

இந்தச் சுளிப்புக்குச் சுகாதார அறிவு காரணமல்ல. மலத்தோடு தொடர்புள்ள வேலை எதுவானாலும் அது வேறொருவரின் வேலை என்று தலைமுறை தலைமுறையாகச் சாதி நமக்குக் கற்பித்தது. கையால் மலம் அள்ள வைப்பதை 1993இல் ஒரு சட்டம் தடை செய்தது. அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டம் மாறியும் பழைய பாடம் மனதை விட்டு இறங்கவில்லை. இறங்கியிருந்தால், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் சுத்தமான தண்ணீரைப் பார்த்து நாம் பின்வாங்க மாட்டோம்.

பெட்டிக்குள் மர்மம் ஏதுமில்லை. பட்டனை அழுத்தினால் அடியில் உள்ள வால்வு எழும்புகிறது, தண்ணீர் ஒரே வீச்சில் பீங்கானுக்குள் இறங்குகிறது. டேங்க் காலியானதும் வால்வு மறுபடி உட்கார, அதன் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் துளையை மூடிக்கொள்கிறது. அதே நேரத்தில் மட்டம் குறைந்ததால் கீழிறங்கிய மிதவை, உள்ளே வரும் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. தண்ணீர் ஏற ஏறத் தானும் ஏறி, குறித்த உயரத்தில் அடைத்துவிடுகிறது. மிதவை பழுதாகி அடைக்காமல் போனால் தண்ணீர் வெளியே கொட்டாமலிருக்க, உள்ளே ஒரு வழிவுக் குழாய் நிற்கிறது. மிஞ்சிய தண்ணீர் அதன் வழியாகப் பீங்கானுக்குள் போய்விடும். பழுதுகளில் பெரும்பகுதி இந்த மிதவையிலும் இந்த வாஷரிலும்தான்.

"ஓடிக்கிட்டே இருக்கும்" என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். மூடியைத் திறந்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வழிவுக் குழாயின் வாய் வரை ஏறி அதற்குள் வழிந்துகொண்டிருந்தால் மிதவை உயரமாக இருக்கிறது. மிதவைக்கு ஒரு திருகு இருக்கும். பழைய வகையில் கம்பி இருக்கும். அதைச் சரிசெய்து, குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி வைத்தால் முடிந்தது. அப்படியும் நிற்கவில்லை என்றால், மிதவையோடு இருக்கும் வால்வு தேய்ந்துவிட்டது. கடையில் பால் காக் என்று கேட்டு வாங்கி மாற்ற வேண்டும்.

தண்ணீர் குழாயின் வாயை எட்டாமலே குறைந்துகொண்டு வந்தால் வாஷர் கசிகிறது. யாரும் தொடாதபோது நடு இரவில் டேங்க் தானாக நிரம்பும் சத்தம் கேட்பதும் இதனால்தான். அதற்குப் பேய்க்கதை தேவையில்லை. சந்தேகமிருந்தால் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை டேங்க்கில் கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் வையுங்கள். பீங்கானில் நீலம் தெரிந்தால் வாஷர்தான் என்று உறுதி. நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அந்த உப்பு வாஷரின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்து, துளையோடு ஒட்டிப் படிய விடாமல் செய்கிறது. ஆங்கிள் காக்கை மூடிவிட்டு வால்வைக் கழற்றுங்கள். பல மாடல்களில் கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். வாஷரைத் தேய்த்துக் கழுவிப் போட்டாலே பல நேரம் கசிவு நின்றுவிடும். ரப்பர் கெட்டியாகியோ வளைந்தோ போயிருந்தால் பழையதைக் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் புதியது வாங்க வேண்டும்.

அடுத்த புகார், ஃப்ளஷில் வேகம் இல்லை என்பது. இதற்கு உடனே சொல்லப்படும் காரணம், "மாடித் தொட்டி உயரம் பத்தல, பிரஷர் இல்ல." டேங்க் வைத்த டாய்லெட்டில் இது தவறு. குழாயின் அழுத்தம் குறைந்தால் டேங்க் நிரம்ப நேரமாகும், அவ்வளவுதான். நிரம்பிய பிறகு, இறங்கும் வேகத்தை டேங்க்கில் நிற்கும் தண்ணீரின் அளவும் உயரமும் தீர்மானிக்கின்றன. டேங்க் இல்லாமல் நேரடியாகக் குழாயிலிருந்து பீய்ச்சும் ஃப்ளஷ் வால்வுக்கு மட்டுமே அழுத்தம் வேண்டும். ஆகவே மாடித் தொட்டியை உயர்த்தப் பணம் செலவழிக்கும் முன் மட்டத்தைப் பாருங்கள். தாழ்வாக இருந்தால் மிதவையை ஏற்றுங்கள். மட்டம் சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால், அரை வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் பீங்கானில் ஊற்றுங்கள். சரசரவென்று போய்விட்டால் கழிவுக் குழாய் நன்றாக இருக்கிறது. குறை டேங்க்கிலோ, பீங்கான் விளிம்புக்கு அடியில் உப்பு அடைத்த துளைகளிலோ இருக்கிறது. தண்ணீர் மேலேறி நின்றால் அடைப்பு.

பீங்கானுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் வேறு விஷயம். அதன் மட்டத்தை டேங்க் முடிவு செய்வதில்லை. கீழேயுள்ள வளைவு முடிவு செய்கிறது. அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் காப்புரிமை பெற்ற எஸ் வடிவ வளைவின் வழிவந்தது அது. அங்கே நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. அது அடிக்கடி வற்றினால் வளைவில் துணியோ முடியோ சிக்கித் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றலாம், காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம், பீங்கானில் விரிசல் இருக்கலாம். இதற்கு பிளம்பரை அழையுங்கள். சுவருக்குள் புதைத்த டேங்க்குக்கும் அப்படித்தான். எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பது என் வாதம் இல்லை. மூடியைத் திறக்கக்கூட மறுப்பதைத்தான் கண்டிக்கிறேன்.

மூடியைத் திறக்காதவர்கள் ஆசிட் பாட்டிலைத் தயங்காமல் திறக்கிறார்கள். ஃப்ளஷ் சரியில்லையா, ஆசிட் ஊற்று. அடைத்த துணி ஆசிட்டில் கரையாது. உலோக போல்ட்டும் தரை ஓட்டின் இணைப்பும் அரித்துப்போகும், செப்டிக் டேங்க்கில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா சாகும். முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வாளியில் ஊற்றினால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பவர்கள், அந்த வாளியை யார் நிரப்புகிறார்கள் என்று பார்க்கட்டும். பெரும்பாலான வீடுகளில் பெண்கள். முழங்கால் வலியோடு இரவில் எழும் பாட்டி நனைந்த தரையில் வாளியைத் தூக்குகிறார். தண்ணீரும் மிச்சமாவதில்லை. இரட்டைப் பட்டன் டேங்க் சிறிதுக்கு 3 லிட்டர், பெரிதுக்கு 6 லிட்டர் என்ற கணக்கில் செய்யப்பட்டது. வாளியை நிரப்பிக் கவிழ்த்தால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும். மறுபக்கம், ஆங்கிள் காக்கை மூடாமல் கசிவை அப்படியே விடுகிறவர்களும் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் ஒரு நாளைக்கு 288 லிட்டர். சென்னை தண்ணீருக்குத் தவித்த 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயிலில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர். நாளுக்கு 288 லிட்டர் கசிவு ஒன்பதாயிரம் வீடுகளில் இருந்தால், ஒரே நாளில் அந்த ரயில் முழுவதும் சாக்கடைக்குப் போய்விடும்.

சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் இறங்கிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைப் படித்து வருந்தும் படித்த வீடுகளிலும், நாப்கினும் துணியும் டாய்லெட்டுக்குள் போடப்படுகின்றன. அடைத்தால் யாரோ வந்து எடுப்பார் என்ற நினைப்பும், டேங்க் மூடியைத் தொடக் கூசுவதும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேரை வீட்டுக்குள்ளேயே பிடுங்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து, உங்கள் மகனையும் மகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வாஷரை அவர்களே கழற்றட்டும், கழுவட்டும், மாட்டட்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.