மீனைக் கேட்டீர்களா?

புட்டியிலே நீரை மொண்டார்கள், மூடி முத்திரையிட்டார்கள், ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார்கள். "ஆறு நலம்" என்று அறிக்கை வந்தது. நன்று! ஆனால், ஆற்றின் குடிகளைக் கேட்டீர்களா என்று நாம் கேட்கிறோம்.

மீன்தான் அந்தக் குடி! புட்டி, மொண்ட அந்த நேரத்தின் கதையை மட்டுமே சொல்லும். இரவிலே கழிவைத் திறந்து, விடியுமுன் மூடிவிட்டால் புட்டிக்குத் தெரியாது. அங்கேயே வாழும் மீனுக்குத் தெரியும். கல்லின் அடியிலே ஒட்டிக்கிடக்கும் பூச்சிக்கும் தெரியும்!

2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாசுற்ற ஆற்றுப் பகுதிகள் 351 என்று பட்டியலிட்டது. அளவுகோல் எது? கழிவைச் சிதைக்க நீரின் உயிர்வளி எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு! லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் பட்டியலிலே இடம். தேவையான கணக்குத்தான், மறுக்கவில்லை. போதுமான கணக்கா?

காவிரியைப் பாருங்கள்! கடலிலிருந்து எதிரேறி வந்து ஆற்றிலே முட்டையிடும் மீன் உல்லம். 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. உழவன் வயல் செழித்தது, வாழ்த்துகிறோம். ஆனால், வெள்ளத்தின் போக்கு மாறியது. உல்லத்தின் வரவு நலிந்தது. நஞ்சா கலந்தது? இல்லை! நீர் வரும் முறை மாறியது. இந்த இழப்பை எந்தப் புட்டி காட்டும்? மணலை வாரிவிட்டால் முட்டைக்கு இடமேது? கரைமரத்தை வெட்டிவிட்டால் நிழலேது? புட்டி பேசுமா?

1981இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் கார், மீனையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். எத்தனை இனம்? மாசு தாங்காத இனம் உண்டா? எதைத் தின்று வாழ்கிறது? உடலிலே புண் உண்டா? இப்படி 12 அளவைகள். ஒவ்வொன்றுக்கும் 1, 3, 5 என மதிப்பெண். முழு நலத்துக்கு 60. 2000இல் ஐரோப்பிய ஒன்றியம், மீனையும் பூச்சியையும் செடியையும் சேர்த்தே ஆற்றை அளக்கவேண்டும் என்று சட்டமே செய்தது.

அவர்கள் அளவுகோலை அப்படியே இரவல் வாங்கச் சொல்லவில்லை. அங்குள்ள மீன் வேறு, இங்குள்ள மீன் வேறு. பழுதுபடாத நம் ஓடைகளையே உரைகல்லாக வைத்து, நமக்கென ஓர் அளவுகோல் வேண்டும். வலைஞரை அழையுங்கள், அவரறியாத மடுவுண்டா? மாணவரை அழையுங்கள், கல்லைப் புரட்டிப் பூச்சியை எண்ணக் கற்றுக்கொடுங்கள்.

புட்டியும் பேசட்டும், மீனும் பேசட்டும்! மீனற்ற ஆற்றுக்கு "நலம்" என்று சான்றளிப்பது, ஆளற்ற வீட்டிலிருந்து "அனைவரும் நலம்" என்று மடல் எழுதுவது போலன்றோ!