நெடுநீர்மையும் நன்னம்பிக்கையும்

'எல்லாம் சரிவரும்' என்னும் தொடர் பேராதனை மாணவரிடையே ஒலிக்காத நாள் இல்லை. கட்டுரையை ஒப்படைக்காதவனும் அதனையே சொல்கிறான். மூன்று நாளாகக் காய்ச்சலிற் கிடப்பவனும் அதனையே சொல்கிறான். இதனை நன்னம்பிக்கை என்று போற்றுவோரும் உளர். நம்பிக்கையுடையோரை நோய் அணுகாதென ஆய்வுகளே கூறுகின்றன என்பது அவர்தம் வாதம்.

அவ்வாதத்திற் பாதியே உண்மை. ஷையர், காவர் என்போர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நன்னம்பிக்கை மிக்க அமெரிக்க மாணவர் தவணையின் இறுதி வாரங்களில் உடற்கோளாறுகளைக் குறைவாகவே தெரிவித்தனர். ஆயின் அத்தகையோர் இடரைக் கண்டு ஒதுங்காது அதனைத் தீர்க்க முயல்பவர் என்பதையும் அவ்வாய்வாளரே எடுத்துக்காட்டினர். போற்றுவோர் இப்பகுதியை வசதியாக மறந்துவிடுகின்றனர். வள்ளுவர் மறக்கவில்லை. மடியின்மையையும் ஆள்வினையுடைமையையும் கூறிய பின்னரே இடுக்கண் அழியாமைக்கு வருகிறார். கெடுவார் விரும்பி ஏறும் கலன்கள் நான்கனுள் நெடுநீரையே முதலில் வைக்கிறார்.

'கடைசி இரவிலேதான் மூளை வேலை செய்யும்' என்போர்க்கு டைஸ், பௌமைஸ்டர் ஆகியோரின் 1997ஆம் ஆண்டு ஆய்வு விடை பகரும். காலந்தாழ்த்திய மாணவர் தவணைத் தொடக்கத்திற் பிறரினும் நலமாகவே இருந்தனர். முடிவிலோ மன அழுத்தமும் நோயும் அவர்களையே மிகுதியாகப் பற்றின. கூட்டிப் பார்த்தபோதும் நட்டம் அவர்களுடையதே. புள்ளிகளும் குறைந்தன.

புள்ளி போனால் மறுமுறை எழுதலாம். டெங்கு அத்தவணை தருவதில்லை. 2017இல் இலங்கையில் 1,80,000இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். கண்டி மாவட்டமும் தப்பவில்லை. இந்நோயின் வஞ்சகம் யாதெனில், காய்ச்சல் தணியும் வேளையிலேயே, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்துக் கட்டம் தொடங்கலாம். உடல் குளிர்ந்ததென்று நண்பர் மகிழ்கின்றனர். குருதிப் பரிசோதனை நாளைக்கென ஒத்திவைக்கப்படுகிறது. இங்கே நம்பிக்கை மருந்தன்று, நோயின் கூட்டாளி.

'தோட்டத்து மக்களும் தாமதித்துத்தானே வருகின்றனர்?' என்று வினவுவோர் உண்டு. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ கொழுந்து பறிக்கும் பெண் வைத்தியரிடம் செல்லும் நாளில் அந்நாட் கூலியை இழக்கிறாள். அவளது தாமதத்தைச் சோம்பல் என்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாம். விடுதியிலிருந்து நடந்து செல்லும் தூரத்திற் கட்டணமில்லா அரச மருத்துவமனையைக் கொண்டுள்ள மாணவன், அவளைத் தனக்குச் சான்றாக அழைப்பதற்கு எவ்வுரிமையும் இல்லாதவன்.