பழைய பாக்கியும் புதிய காய்ச்சலும்

வட்டிக்குக் கொடுத்தவர் நீதிமன்றத் தீர்ப்போடு வந்து நின்றாலும் ஒரு தொழிலாளியின் இ.எஸ்.ஐ. உதவித்தொகையில் கை வைக்க முடியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டம் அதன் 60-ஆம் பிரிவில் அந்தப் பணத்தை ஜப்தியிலிருந்து காத்தது. படுத்த படுக்கையில் இருப்பவரின் கஞ்சிக்காசு அது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பத்துப் பிரிவுகள் தள்ளி, 70-ஆம் பிரிவில் இன்னொரு கடன்காரருக்கு வழி விட்டிருந்தார்கள். தகுதியில்லாமல் பெற்ற உதவியைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். அந்தக் கடன்காரர் இ.எஸ்.ஐ. கழகமேதான்.

திருப்பிக் கேட்பதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. சம்பளத்தில் 0.75 விழுக்காடு தொழிலாளியும் 3.25 விழுக்காடு முதலாளியும் போட்டுச் சேர்க்கும் பொதுப்பணம் அது. 'லீவு சர்டிபிகேட்' வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எடுப்பது பக்கத்து மெஷினில் நிற்பவரின் காசை. பொய் சொல்லிப் பணம் பெற்றால் ஆறு மாதம் வரை சிறை என்று அதே சட்டத்தின் 84-ஆம் பிரிவு சொன்னது. அவர்களுக்காக யாரும் பரிந்து பேச வேண்டியதில்லை. நம் கவலை, ஒரு பொய்யும் சொல்லாமலே கடனாளி ஆகிறவர்களைப் பற்றியது.

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டையோ, அடுத்துள்ள ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகளையோ எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். உள்ளே வேலை செய்பவர்களில் பலருடைய சம்பளச் சீட்டில் கான்ட்ராக்டரின் பெயர் இருக்கும். ஆள் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு சம்பளம் என்பதை மாதாமாதம் இணையத்தில் பதிவதும் பெரும்பாலும் அந்தக் கான்ட்ராக்டரின் அலுவலகம்தான். நோய்க்கால உதவித்தொகை பெற ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். 80 நாள் என்று முதலில் பதிந்துவிட்டுப் பிறகு 70 என்று திருத்தினால், இடையில் வாங்கிய உதவித்தொகை முழுவதும் 'தகுதியில்லாமல் பெற்றது' ஆகிவிடும். படுத்திருந்த நாள்களை மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) சம்பளத்தோடு கூடிய விடுப்பாகக் காட்டினாலும் இதே கதைதான், ஏனென்றால் ஒரே நாளுக்குச் சம்பளமும் உதவித்தொகையும் சேர்ந்து கிடையாது. பிழை செய்தது எழுதியவரின் கை. பாக்கி விழுவதோ தொழிலாளியின் காப்பீட்டு எண்ணில்.

அந்த எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். கம்பெனி மாறினாலும் கான்ட்ராக்டர் மாறினாலும் அது கூடவே வரும், பாக்கியையும் சுமந்துகொண்டு. தவறாகப் பதிந்த கான்ட்ராக்டர் அதற்குள் வேறு பெயரில், வேறு வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரி நாள் கூலி 600 ரூபாய் உள்ள ஒரு பெண்ணுக்கு நோய்க்கால உதவித்தொகை 70 விழுக்காடு, அதாவது நாளுக்கு 420 ரூபாய். முன்பு 14 நாளுக்கு வாங்கிய 5,880 ரூபாய் கூடுதல் என்று பதிவாகியிருக்கிறது. இப்போது டைபாய்டு வந்து 20 நாளுக்கு 8,400 ரூபாய் கிடைக்க வேண்டும். பழைய பாக்கியை இதிலிருந்து ஒரேயடியாகப் பிடித்தால் கைக்கு வருவது 2,520 ரூபாய். அறை வாடகைக்கே அது போதாது. காய்ச்சல் விடுவதற்குள் ஷிப்டுக்குத் திரும்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி என்ன இருக்கிறது? ஒரு தவணையில் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று 70-ஆம் பிரிவு உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. எத்தனை ஆண்டு பழைய பாக்கியைத் தோண்டலாம் என்றும் சொல்லவில்லை. தொழிலாளி தன் உதவித்தொகையைக் கேட்பதற்கு மட்டும் பன்னிரண்டு மாதக் கெடு இருந்தது!

அரசு ஊழியர் பலருக்கு இந்தத் துன்பம் இல்லை. பஞ்சாப் அரசுக்கும் ரபிக் மசிஹுக்கும் இடையிலான வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: கடைநிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வுபெற்றவர்களிடமிருந்தும், ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தவறுதலாகக் கொடுத்து வந்த தொகையைப் பொறுத்தும் வசூல் கூடாது. ஊழியர் ஏமாற்றாதபோது, கொடுத்தவரின் பிழைக்கு வாங்கியவரை வதைப்பது கொடுமை என்பதே அதன் சாரம். 2016-இல் மத்திய அரசும் அதை ஏற்றுச் சுற்றறிக்கை விட்டது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ளவருக்குக் கிடைத்த இந்த நியாயம், நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்தத் தொழிலாளியின் வாசல் வரை வரவில்லை.

யார் எளிதில் அகப்படுகிறாரோ அவரிடம் வசூலிப்பது நம் அலுவலகங்களின் பழைய வழக்கம். 2020-இல் தமிழகத்தில் பி.எம். கிசான் உழவர் உதவித் திட்டத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது தெரியவந்தது. கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் நகலைக் கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். இடைத்தரகர்களும் சில ஊழியர்களும் கைதானார்கள் என்பது உண்மை. ஆனால் பணம் திரும்ப வந்தது பெரும்பாலும் வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்களிடமிருந்து.

நெதர்லாந்திலும் குழந்தைப் பராமரிப்பு உதவியைத் தவறாகப் பெற்றதாக ஆயிரக்கணக்கான பெற்றோரை விரட்டி விரட்டி வசூலித்தது அரசு. அந்த அநியாயம் அம்பலமாகி, 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது. பிரிட்டனில் ஏற்கெனவே பாக்கி உள்ளவர் பெறும் உதவித்தொகையிலிருந்து பிடிக்கும் உச்சவரம்பு 2025 ஏப்ரலில் 25 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டது. நம் டைபாய்டுக் கணக்கில் அந்த 15 விழுக்காட்டைப் போட்டால் பிடித்தம் 1,260. கைக்கு வருவது 7,140 ரூபாய். பாக்கியும் தீரும், ஆளும் எழுந்து நடமாடுவார்.

1948 சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. புதிய சட்டத்துக்கான விதிகளிலேயே பிடித்தத்துக்கு ஓர் உச்சவரம்பையும் எழுதிவிட வேண்டும். கான்ட்ராக்டரின் பதிவுப் பிழையால் வந்த கூடுதல் தொகையைத் தொழிலாளியிடம் கேட்கவே கூடாது. இது புதுமையான யோசனையும் அல்ல. முதலாளி சந்தா கட்டாததால் உதவி கிடைக்காமல் போனால், கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதன்மை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று பழைய சட்டத்தின் 68-ஆம் பிரிவிலேயே இருந்தது. சந்தா பாக்கிக்குப் பொருந்திய அந்த வழி, தப்பான மஸ்டருக்கு ஏன் பொருந்தாது?

நோட்டீஸ் என்று ஒன்று போகும்போது அதில் எந்த மாதம், எத்தனை நாள், தவறான பதிவைச் செய்தது யார் என்ற மூன்றும் இருக்க வேண்டும்; தமிழில் இருக்க வேண்டும், ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு ஒடியாவில். மறுப்புச் சொல்ல அவகாசம் தந்து, அதற்குப் பதில் எழுதும் வரை அடுத்த உதவித்தொகையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது.