கசிப்பும் கபரகொய்யாவும்

வத்தேகமச் சந்தியிற் கசிப்பைப் பற்றிப் பேச்செழுந்தால் கபரகொய்யா வராமற் போவதில்லை. செத்த பல்லி, முட்கம்பி, பழைய பற்றரி, யூரியா எனப் பட்டியல் நீளும். படித்தோரும் தலையசைத்துக் கேட்பர். குடியைத் தடுக்க ஒரு பொய் உதவுமாயின் அதனால் விளையும் கேடு யாது என்பது அவர்தம் வாதம்.

கேடு உண்டு. வடித்தலின்போது ஆவியாவது மட்டுமே குழாய்வழி மறுபுறம் செல்லும். எதனோல் ஏறத்தாழ 78 பாகை சதமவளவையிலும், மெதனோல் 65 பாகையிலும் கொதிக்கும். முட்கம்பியின் இரும்போ எந்தக் கசிப்பு அடுப்பிலும் ஆவியாகிப் போத்தலுக்குள் இறங்காது. யூரியா நொதியத்துக்கு நைதரசன் ஊட்டுவது. அதில் மர்மம் யாதுமில்லை.

கபரகொய்யாவின் கதை பழையது. எமர்சன் தெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை விலங்கியல் நூலில், கண்டியர் ஒருவர் எழுதிய நஞ்சுச் செய்முறை இடம்பெறுகிறது. பாம்புகளின் நஞ்சை மனித மண்டையோட்டிற் காய்ச்ச வேண்டுமாம். மூன்று கபரகொய்யாக்களைத் தீயைச் சுற்றிக் கட்டி அடிக்க, அவை சீறி நெருப்பை மூட்டுமாம். அவற்றின் வாய்நுரையும் கலக்கப்படுமாம். அப்பட்டியலின் நடுவே ஆசனிக்கும் அமைதியாக இருக்கிறது! கொல்வது அதுவே, பழியோ பாவம், கபரகொய்யாவுக்கு.

மேலைத்தேயமும் இதற்கு விலக்கன்று. 1905இல் சுவிற்சர்லாந்தில் ஒருவன் மனைவி மக்களைச் சுட்டுக் கொன்றான். அன்று அவன் மிகுதியாகக் குடித்த வைன் மறக்கப்பட்டது. சிறிதளவே அருந்திய அப்சிந்தே குற்றவாளியாயிற்று. 1910இல் அங்கு நடைமுறைக்கு வந்த தடை 2005இலேதான் நீங்கியது.

2024 யூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது பல்லியன்று, மெதனோல். அது கண்ணுக்குச் சாராயத்தினின்றும் வேறுபடாது. உடலில் அது போமிக்கமிலமாகிப் பார்வையைப் பறிக்கப் பெரும்பாலும் அரைநாளோ ஒருநாளோ செல்லும். உரிய வேளையில் வைத்தியசாலை சேர்ந்தால் மாற்று மருந்துண்டு. இதனை எந்த மேடை தோட்ட லயங்களிற் சென்று கூறிற்று? பல்லி போட்டதைக் குடிக்கும் கூட்டம் என்று தொழிலாளரை இழித்துரைக்க மட்டும் நாக்குகள் நீள்கின்றன. அவர்களோ, போத்தலைத் தூக்கிப் பார்த்து, பல்லியில்லை, இது நல்ல சரக்கு என்று நம்பிக் குடிக்கின்றனர். மறுநாட் காலை கண் மங்கினால் வெறி இன்னும் தெளியவில்லையென்று மறுபடி படுத்துக்கொள்கின்றனர்.