ஒப்பாரிக்கு என்ன கூலி?

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் ராப் பாடினால் நம் தோழர்கள் கை தட்டுகிறார்கள். தட்டட்டும். 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' இசைத்தட்டை வெளியிட்டு, தெருப்பாட்டாக இருந்த ராப்பைக் கடைவீதிக்குக் கொண்டுவந்தவர் சில்வியா ராபின்சன் என்கிற கறுப்பினப் பெண். 1984இல் ராக்ஸான் ஷாண்டே ஆண்களின் பாட்டுக்கு எதிர்ப்பாட்டுக் கட்டியபோது வயது 14. பெண்களைக் கேவலமாக ஏசும் சொந்த இன ஆண்களை நிறுத்திக் கேள்வி கேட்டுத்தான் 1993இல் குயின் லத்தீஃபா 'யூனிட்டி' பாடினார். வெள்ளை அதிகாரத்தை எதிர்க்கிற வாய் வீட்டு ஆம்பளையையும் கேட்கும் என்பதே அவர்கள் சொன்ன சேதி. அந்தச் சேதி மட்டும் நம்மாட்கள் காதில் ஏறுவதில்லையே, ஏன்?

சாவு வீட்டைப் பாருங்கள். வடசென்னையில் ராத்திரி கானா பாட ஆள் வருகிறான். அவனுக்கு மைக் உண்டு, கூலி உண்டு, பேர் உண்டு. அதே வீட்டில் பொணத்தின் தலைமாட்டில் மாரடித்து, செத்தவர் பட்ட பாட்டையும் கெடுத்தவர் செய்த கேட்டையும் சந்தம் பிசகாமல் அடுக்குகிறவள் நம் ஆத்தா. கேட்டால், "அது பாட்டா? பொம்பள அழுவுது" என்கிறான். ஆண் பாடினால் கலை, பெண் பாடினால் கண்ணீரா? ராப்பில் இருக்கிற எது ஒப்பாரியில் இல்லை?

கானாவும் ராப்பும் கலந்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது அதில் இருந்த ஒரே பெண் இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. எல்லாருக்கும் பெருமை. கோயிலுக்குள் பெண் நுழைவதைப் பற்றி அவர் பாடிய பாட்டைக் காட்டி 2024 நவம்பரில் இந்துத்துவக் கும்பல் புகார் கொடுத்தது, ஆபாசமாக ஏசியது, மிரட்டியது. பாட்டு ஒரு குழுவின் பாட்டு. வசவு மட்டும் பாடிய பெண்ணின் உடம்பின் மேல்! கருவறைக்குள் பெண் வந்தால் தீட்டு என்பவனும், கானா மேடையில் பெண் எதுக்கு என்பவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான்.

2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. பத்திரிகை அட்டையில் அறிவு விடுபட்டபோது நாம் கொதித்தோம். நியாயம். அந்தப் பாட்டின் வேர் தன் பாட்டி வள்ளியம்மாள் என்று அறிவு பெயர் சொன்னார். நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? ஆண் கவிஞன் பெயர் விட்டுப்போனால் அநீதி. கிழவிகள் பெயர் விட்டுப்போனால் 'நாட்டுப்புறப் பாடல்'!

எங்க அரியாங்குப்பத்தில் அரிக்கமேட்டு உடைஞ்ச பானை ஓட்டைக் காப்பாற்றத் தொல்லியல் துறை இருக்கிறது. சேரியில் ஒரு கிழவி செத்தால் அவளோடு எத்தனை பாட்டு மண்ணுக்குள் போகிறது என்று கேட்க நாதியில்லை.

"முதல்ல சாதி ஒழியட்டும், அப்புறம் பொம்பளைங்க விஷயம் பேசலாம்" என்பார்கள். சாதி நிற்பதே பெண்ணின் உடம்பைக் காவல் காத்துத்தான் என்று 1916லேயே எழுதியவர் அம்பேத்கர். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இந்தப் பேச்சு எதற்கு?

ஏப்ரல் 14 மேடையில் ஒப்பாரிப் பெண்களையும் ஏற்றுங்கள். கானாக்காரனுக்குக் கொடுக்கிற கூலியைக் கொடுங்கள். பதிவு செய்தால் பாடியவள் பெயரைப் போட்டு, வருகிற காசில் பங்கு கொடுங்கள். அவள் நம்மையே திட்டிப் பாடினால்? உட்கார்ந்து கேளுங்கள்.