புறக்கணித்தது யார்?

என் அக்கா மகனின் மருத்துவக் கோப்பில் 'புறக்கணிக்கப்பட்ட வளைபாதம்' என்று எழுதியிருந்தது. யார் புறக்கணித்தது? ஆய்வு மாணவனான எனக்கு அந்தச் செயப்பாட்டு வினையே உறுத்தியது.

வளைந்த பாதத்தோடு பிறந்தான். கிரகணத்தன்று அக்கா வெளியே வந்ததால் என்றது ஊர். முன்ஜென்ம வினை என்றார் சோதிடர். நம்மைச் சேரியில் வைத்ததற்கும் இதே வினையைத்தானே காரணம் சொன்னார்கள், தோழர்களே?

பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கினால் பொன்செட்டி முறை போதும். வாராவாரம் மாற்றும் ஐந்தாறு மாவுக்கட்டு, பெரும்பாலும் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு, பிறகு நான்கு வயதுவரை இரவில் கம்பி இணைத்த காலணி. ஆனால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒருநாள் கூலி போகும். மூன்றாம் வாரம் அக்கா நின்றுவிட்டார்.

ஒன்பது வயதில் இலிசரோவ் வளையம் மாட்டினார்கள். எலும்பில் கம்பிகளைச் செலுத்தி, வெளியே வளையங்களில் பொருத்தி, திருகுகளைத் தினமும் சிறிது சிறிதாகத் திருகிப் பாதத்தை நிமிர்த்தும் முறை. கம்பி நுழைந்த இடங்களில் சீழ் பிடிக்காமல் அக்கா தினமும் துடைத்தார், தெருக்குழாயில் பிடித்துக் காய்ச்சிய தண்ணீரில். மாதக்கணக்கில் வலி. பாதம் நிமிர்ந்தது, பள்ளியில் ஓராண்டு போனது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் வளைபாதமும் இருக்கிறது. பட்டியல் காலை நிமிர்த்தாது. மாவுக்கட்டு வட்டார மருத்துவமனையிலேயே வேண்டும்; இழந்த கூலியை அரசு தரவேண்டும்.

அதுவரை அந்தக் கோப்பைத் திருத்தி எழுதுவோம்: புறக்கணிக்கப்பட்டது பாதமல்ல, எங்கள் தெரு.